ஆட்களைத் தொலைக்காதிருக்க ஒரு விலாசப் புத்தகம்

ஊரில் இருந்த காலத்தில் எமக்கு விலாசப் புத்தகம் தேவைப்படவில்லை. உழவு இயந்திரத்துக்கு எந்தப் படலையில் போய்க் கூப்பிடுவது, மாட்டுக்கு வருத்தம் என்றால் யாரைக் கேட்பது, தண்ணீர் இறைக்கும் இயந்திரம் நின்றுவிட்டால் யார் திருத்துவார் என்பதெல்லாம் எமது கால்களுக்கே தெரிந்திருந்தது. ஆள் இருந்த இடந்தான் ஆளின் விலாசம். இடம்பெயர்வோடு அந்த விலாசம் அழிந்து போகின்றது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் இடத்துக்கு இடம் பெயர்ந்தவர்களும் காணியை விட்டு வந்தார்கள். அடுத்த காணிக்காரர் எங்கே போனார் என்பதையும் அறியாதவர்களானார்கள். செஞ்சிலுவைச் செய்தித் தாளில், எவரும் வாசிக்கக்கூடியவாறு, குடும்பச் செய்தியை மட்டும் எழுதி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த குடும்பங்கள் எம்மிடையே பல.

இன்று தற்காலிகக் கொட்டிலிலோ உறவினர் வளவிலோ வாடகை வீட்டிலோ இருக்கும் குடும்பத்திடமும் பெரும்பாலும் ஒரு கைத்தொலைபேசி இருக்கின்றது. அது ஆன்ட்ரொயிட் வகையைச் சேர்ந்ததாயின், முதன்முதல் இயக்கும்போதே கூகிள் கணக்கு ஒன்றைக் கேட்டிருக்கும். கடைக்காரரோ மகனோ மகளோ ஒரு ஜிமெயில் விலாசத்தைத் திறந்து கொடுத்திருப்பார்கள். அந்த மின்னஞ்சல் கணக்கோடு 'கொன்ரக்ட்ஸ்' எனப்படும் விலாசப் புத்தகம் ஒன்றும் இலவசமாகவே கிடைக்கின்றது. அதை ஒழுங்காக வைத்திருப்பது எப்படி என்பதையே இங்கு எழுதுகின்றோம். கடிதம் எழுதத் தெரிந்த எவருக்கும் இது கடினமான வேலையன்று. பிள்ளைகளில் ஒருவர் அருகில் இருந்தால் ஒரு பின்னேரத்தில் தொடங்கிவிடலாம்.

எங்கே எழுதி வைப்பது?

எமது தொலைபேசியில் காணப்படும் பெயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதாகவே நாம் நினைத்துக் கொள்கின்றோம். உண்மையில் அவை மூன்று இடங்களில் இருக்கலாம். சில சிம் அட்டையில் இருக்கும். சிம்மில் ஒரு பெயரும் ஓர் இலக்கமும் எழுதத்தான் இடமுண்டு. மின்னஞ்சல் விலாசமோ வீட்டு விலாசமோ அதற்குள் அடங்காது. சில தொலைபேசியின் நினைவகத்தில் இருக்கும். அத்தொலைபேசி கிணற்றில் விழுந்தால் அவையும் கிணற்றோடு போகும். மூன்றாவது இடம் மின்னஞ்சல் கணக்கு. அங்கே எழுதியவை தொலைபேசியில் தெரிந்தாலும், அவற்றின் மூலப்பிரதி வெளியே, கூகிள் நிறுவனத்தின் கணினிகளில் இருக்கின்றது. தொலைபேசி தொலைந்தாலும், புதிய தொலைபேசியிலோ வேறொருவரின் கணினியிலோ அதே கணக்கைத் திறந்தால் அத்தனை பெயர்களும் திரும்பி வரும். ஓரிடத்தில் நிலையாக இருக்கக் கிடைக்காத குடும்பத்துக்கு இந்த மூன்றாவது இடமே ஏற்றது.

எனவே முதல் வேலை, சிம்மிலும் தொலைபேசியிலும் இருப்பவற்றைக் கணக்குக்கு மாற்றுவது. கொன்ரக்ட்ஸ் பகுதிக்குள் 'இம்போர்ட்' என்றொரு கட்டளை உண்டு. சிம்மில் உள்ளவற்றை அதன் மூலம் கணக்குக்குள் எடுக்கலாம். அதன் பிறகு, புதிதாக எழுதும் பெயர்கள் எங்கே சேர வேண்டும் என்ற இடத்தில் சிம்மை விட்டு ஜிமெயில் விலாசத்தைத் தெரிவு செய்து விடவும். தொலைபேசிக்குத் தொலைபேசி இக்கட்டளைகள் இருக்கும் மூலை வேறுபடும் என்பதால், ஒருமுறை தேடிப் பழக வேண்டியிருக்கும். கணினியில் என்றால், ஜிமெயிலைத் திறந்ததும் வலப்பக்கம் மேலே ஒன்பது புள்ளிகள் கொண்ட சதுரம் ஒன்று தெரியும். அதை அழுத்தினால் கொன்ரக்ட்ஸ் கிடைக்கும். ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை எழுதப்பட்டிருந்தால், 'மேர்ஜ்' என்ற கட்டளை அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கித் தரும்.

பெயரை எப்படி எழுதுவது?

இதுதான் உண்மையான வேலை. இந்தப் புத்தகங்கள் மேல்நாட்டுப் பெயர்களுக்காக ஆக்கப்பட்டவை. முதற்பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் இருக்கும். எமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தைத்தான் முன்னால் போடுகின்றோம். ஊரில் செ. கந்தசாமியாக இருந்தவர் கனடாவில் 'மிஸ்டர் செல்லையா' ஆகியிருப்பார்; அல்லது அவருடைய பிள்ளைகளின் கடைசிப் பெயர் கந்தசாமி ஆகியிருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் சிக்கல். கணபதிப்பிள்ளை என்ற பெயரை ஒருவர் கே எழுத்தில் தொடங்குவார், இன்னொருவர் ஜீ எழுத்தில் தொடங்குவார். இலட்சுமிக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் என்று எண்ணவே முடியாது. அவசரத்துக்குத் தேடும்போது ஆள் புத்தகத்துக்குள் இருந்தும் கிடைக்கமாட்டார்.

ஆகவே பெயரைத் தமிழிலேயே எழுதும்படி கூறுகின்றோம். இப்போதைய தொலைபேசிகள் தமிழ் எழுத்தை ஏற்றுக்கொள்ளும். முதற் கட்டத்தில் ஆளைக் கூப்பிடும் பெயர். இரண்டாவது கட்டத்தில் உறவும் ஊரும். மின்னஞ்சல் விலாசத்தை மட்டும் அவர் தந்த ஆங்கில எழுத்திலேயே, ஓர் எழுத்தும் பிசகாமல் எழுத வேண்டும். ஓர் எழுத்து மாறினால் கடிதம் திரும்பி வரும்; அல்லது, அதைவிடக் கெடுதலாக, முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ச் சேரும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

உறவுமுறையை மட்டும் எழுதி வைப்பது எம்மவரிடையே உள்ள பழக்கம். 'சின்னையா', 'பெரியக்கா', 'மாமி' என்றிருக்கும். தொலைபேசிக்குச் சொந்தக்காரருக்கு அது விளங்கும். ஆனால் மகனின் சின்னையா தகப்பனுக்குத் தம்பி அல்லவா? மகன் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தாய் அந்தப் புத்தகத்தைத் திறந்தால், எந்த மாமி எந்த நாட்டில் என்று திண்டாடுவார். வீட்டில் யார் திறந்தாலும் விளங்கும்படி 'கந்தசாமி – அம்மாவின் தம்பி – ஸ்காபுரோ' என்று எழுதுவது நல்லது. தொழில் பார்ப்பவராயின் தொழிலைப் பெயரோடு சேர்க்க வேண்டும். பம்பு திருத்துபவரின் பெயர் மறந்து போகலாம், பம்பு மறக்காது.

அரசாங்க உத்தியோகத்தர்கள் விடயத்தில் இதற்கு மாறாகச் செய்ய வேண்டும். அவர்கள் இடமாற்றம் பெற்றுப் போவார்கள், பதவி அங்கேயே இருக்கும். ஆகவே பதவியை முதலிலும் ஆளின் பெயரைக் குறிப்பிலும் எழுதுக. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இங்கே இன்னொரு விசேடம் உண்டு. எமக்குக் கிராம அலுவலர் இருவர்: காணி இருக்கும் பிரிவில் ஒருவர், இப்போது குடியிருக்கும் பிரிவில் ஒருவர். பிரதேச செயலகமும் இரண்டு, கமநல சேவை நிலையமும் இரண்டு. 'கிராம அலுவலர் – ஊர்', 'கிராம அலுவலர் – இருப்பிடம்' என்று பிரித்து எழுதாவிட்டால், உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றுக்காகப் பிழையான கந்தோரில் ஒரு நாட்கூலியை இழக்க நேரிடும்.

தொலைபேசி இலக்கத்தை நாட்டுக் குறியீட்டோடு எழுதிப் பழகுவோம். 077 என்று தொடங்கும் இலக்கத்தில் முதலிலுள்ள பூச்சியத்தை நீக்கி, +94 77 என்று எழுதுவது. வவுனியாவின் 024 அவ்வாறே +94 24 ஆகும். அப்போதுதான் சுவிஸிலுள்ள தம்பிக்கு அதே பெயரை அனுப்பினால் அவரும் அப்படியே அழுத்தி அழைக்கலாம். அவருடைய நாட்டுக்கு +41, கனடாவுக்கு +1, இங்கிலாந்துக்கு +44, இந்தியாவுக்கு +91. நீண்ட காலம் பாவிக்காமல் விடப்பட்ட இலக்கம் வேறொருவருக்கு வழங்கப்படுவதுண்டு. எனவே கடைசியாக எப்போது பேசினோம் என்பதைக் குறிப்பில் ஆண்டோடு போட்டு வைத்தால், இலக்கம் இன்னும் உயிரோடு இருக்கின்றதா என்பதை ஓரளவு மதிப்பிடலாம்.

குறிப்பு எழுதும் அந்தக் கட்டத்தைப் பலர் வெறுமையாக விடுகின்றனர். எமது வாசகர்களுக்கு அதுவே மிகவும் பயன்படும் கட்டம் என்பது எமது அபிப்பிராயம். காணிப் பிணக்கு விசாரணைக்கு வரும்போது, கிழக்கு எல்லையில் யார் இருந்தார், வேலி எந்தப் பனையோடு போனது என்று சாட்சி சொல்லக்கூடியவர் அயற்காணிக்காரர்தான். அவர் இன்று பிரான்ஸிலோ தமிழ்நாட்டு முகாமிலோ இருக்கலாம். அவர் பெயரின் கீழே 'எங்கள் காணிக்குக் கிழக்கு எல்லை' என்று எழுதி வைப்போம். உறுதியை எழுதிய நொத்தாரிசுக்கும் ஒரு பதிவு போட்டு, உறுதி இலக்கத்தையும் ஆண்டையும் அதில் சேர்ப்போம். நொத்தாரிசு உறுதியின் இணைப்பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது சட்டம். கையிலிருந்த உறுதி எரிந்து போயிருந்தாலும், பதிவேடு தப்பியிருப்பின், அங்கே பிரதி கேட்கலாம். நொத்தாரிசின் பெயரும் உறுதி இலக்கமும் தெரிந்திருந்தால் தேடுவது இலகு. இவற்றை அறிந்த பெரியவர்கள் எம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

பெயர்கள் கூடியதும் அவற்றைக் கூட்டமாகப் பிரிக்கலாம். கூகிளில் இதற்கு 'லேபிள்' என்று பெயர். குடும்பம், காணி, கமம், கந்தோர் என நான்கு போதும். ஒரே ஆளை இரண்டு லேபிளில் சேர்க்கவும் முடியும். கமக்காரர் அமைப்பின் செயலாளராக இருப்பவர் 'கமம்' என்ற லேபிளின் பெயரை எழுதியே அத்தனை பேருக்கும் ஒரே தடவையில் மின்னஞ்சல் அனுப்பலாம். அவ்வாறு அனுப்பும்போது விலாசங்களை 'பி.சி.சி.' என்ற வரியில் போட வேண்டும். அந்த வரியில் போட்டால் ஒருவரின் விலாசம் மற்றவருக்குத் தெரியாது. வழமையான வரியில் போட்டால் முழுப் பட்டியலும் எல்லோர் கைக்கும் போய்விடும்.

புத்தகம் பிறர் கைக்குப் போகாமல்

பெயர்ப்பட்டியல் ஒன்று தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை எம்மக்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று அது போகும் வழிகள் வேறு. தொலைபேசியில் புதிதாக ஏற்றும் செயலிகள் சில, உமது தொடர்புகளைப் பார்க்கலாமா என்று கேட்கும். வெளிச்சம் காட்டும் செயலிக்கும் விளையாட்டுக்கும் எமது உறவினரின் இலக்கம் எதற்கு? 'இல்லை' என்று அழுத்துக. உடனடிக் கடன் தருவதாகச் சொல்லும் செயலிகளிடம் விசேட கவனம் வேண்டும். தவணை பிந்தியதும், புத்தகத்திலுள்ள உறவினர்களையும் அயலவர்களையும் அழைத்துக் கடன்காரரை அவமானப்படுத்திய சம்பவங்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் நடந்துள்ளன. கணக்கின் கடவுச்சொல்லைத் திருடியவர், அதே புத்தகத்திலுள்ள எல்லோருக்கும் 'ஆபத்தில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள்' என்று எமது பெயரில் எழுதவும் கூடும். ஆகவே அடையாள அட்டை இலக்கம், வங்கி அட்டையின் இரகசிய இலக்கம் போன்றவற்றைப் புத்தகத்தில் எழுத வேண்டாம். கடையில் அல்லது பிறர் கணினியில் கணக்கைத் திறந்தால், வெளியேறிவிட்டே எழும்ப வேண்டும். பழைய தொலைபேசியை விற்கும்போதும் கணக்கை அதிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

கடவுச்சொல் ஒரு பிள்ளைக்கு மட்டும் தெரிந்திருப்பதும் ஆபத்து. அப்பிள்ளை வெளிநாடு போனால் புத்தகமும் கூடவே போய்விடும். கணக்கை மீட்பதற்கென ஒரு தொலைபேசி இலக்கத்தையும் இன்னொரு மின்னஞ்சல் விலாசத்தையும் கொடுக்க இடமுண்டு; அங்கே வீட்டிலிருக்கும் பெரியவர் ஒருவரின் இலக்கத்தைக் கொடுப்பது நல்லது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு வருடங்கள் பாவிக்கப்படாத கணக்குகளை, அவற்றில் உள்ள அனைத்தோடும் அழிக்கலாம் என்று கூகிள் 2023 இல் அறிவித்தது. அவ்வருடம் டிசெம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. பெருநாளுக்குப் பெருநாளாவது கணக்கைத் திறந்து, யாருக்காவது நான்கு வரி எழுதினால் கணக்கு உயிரோடு இருக்கும். தவறுதலாக அழித்த பெயரை 30 நாட்களுக்குள் கழிவுக்கூடைப் பகுதியிலிருந்து திரும்ப எடுக்கலாம்.

இவ்வளவும் செய்தபின் ஒரு கொப்பி வாங்குக. மின்சாரம் இல்லாத நாளில், தொலைபேசியில் சார்ஜ் இறங்கிய நேரத்தில் கொப்பிதான் பேசும். புத்தகத்திலுள்ள முக்கியமான முப்பது நாற்பது பெயர்களை அதில் எழுதி, உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைத்திருக்கும் அதே பொலித்தீன் பைக்குள் வையுங்கள். பெட்டிக்குள் கிடக்கும் பழைய கடித உறைகளைக் கொப்பி எழுதும் முன் எறிந்துவிடாதீர்கள். பின்புறத்து விலாசங்களில் தொலைந்துபோன உறவு ஒன்று இருக்கலாம்.

கொப்பியின் முதற் பக்கத்தில் அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அரசாங்கத் தகவல் நிலையம் 1919, விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவை 1920 ஆகியவற்றை எழுதுக. இந்தக் குறுகிய இலக்கங்களின் முன்னால் மட்டும் +94 போட வேண்டாம்.