'ஃபெலோஷிப்' என்னும் சொல்லும் அதன் தமிழாக்கமும்: வரலாற்றாய்வு அறிவிக்கைகளை முன்வைத்து

1. முன்னுரை

நவீன உலக வரலாற்றில் ஆய்வைத் தொடங்குவோர்க்குரிய ஃபெலோஷிப் அறிவிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன. அவற்றைத் தமிழில் தரும்போது எழும் சொல்தேர்வுச் சிக்கல் நடையளவில் நின்றுவிடுவதில்லை. தகுதியுடைய ஒருவர் விண்ணப்பிப்பதும் விண்ணப்பிக்காது விடுவதும் அதனைப் பொறுத்து அமையக்கூடும்.

2. உதவியா, ஊதியமா?

'ஃபெலோ' என்பது பழைய நார்ஸ் மொழியின் 'ஃபேலாகி' என்னும் சொல்லிலிருந்து வந்தது. 'ஃபே' என்பது கால்நடையையும் பணத்தையும் குறிக்கும்; கூட்டு முயற்சியில் தன் பொருளை இட்ட பங்காளி என்பதே முதற்பொருள். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் அது கல்லூரியின் உறுப்பினரைக் குறித்தது. எனவே உறுப்புரிமை, பணம் ஆகிய இரு கூறுகளும் இச்சொல்லில் அடங்கியுள்ளன.

தமிழக வழக்கான 'உதவித்தொகை' பணத்தை மட்டும், அதுவும் உதவி என்னும் நிலையில், சுட்டுகிறது. பள்ளி மாணவர் பெறும் 'ஸ்காலர்ஷிப்'புக்கும் இதுவே பெயர். இலங்கை வழக்கான 'புலமைப்பரிசில்' தகுதியை முதன்மைப்படுத்தினும், ஐந்தாம் தரத் தேர்வுக்கும் அதுவே வழங்குகிறது. தமிழரும் கன்னடரும் அருகருகே வாழும் பெங்களூரு விவேக் நகர் போன்ற பகுதியில் வாழும் தமிழ் மாணவர், இதே பொருளைக் கன்னடத்தில் 'வித்யார்த்தி வேதன' என்று காண்பார். வேதனம் என்பது ஊதியம். இந்தியோ 'சாத்ரவ்ருத்தி', 'அத்யேதாவ்ருத்தி' என இரு சொற்களால் மாணவரையும் ஆய்வாளரையும் வேறுபடுத்துகிறது. தமிழில் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

3. 'இளநிலை' தரும் மயக்கம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 'ஜூனியர் ரிசர்ச் ஃபெலோஷிப்' முனைவர் பட்டத்திற்கு ஆய்பவர்க்கு உரியது. 2023 ஜனவரி முதல் அதன் தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். அதன்பின் 42,000 ரூபாய். 1972இல் தோன்றிய இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகமும் முனைவர் பட்ட ஆய்வாளர்க்கு இப்பெயரிலேயே தொகை வழங்கிவருகிறது. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் இதே பெயர், முனைவர் பட்டம் முடித்தோர்க்கோ முடிக்கும் தறுவாயில் உள்ளோர்க்கோ உரிய, குறித்த கால ஆய்வுப் பதவியைச் சுட்டும். இரண்டையும் 'இளநிலை ஆய்வு உதவித்தொகை' என்றால், பொருள் ஒன்றெனத் தோன்றும். மேலும், 'இளநிலைப் பட்டம்' என்பது தமிழில் முதற்பட்டத்தையும் குறிப்பதால் மயக்கம் மிகுகிறது.

4. 'இளம் ஆய்வாளர்' யார்?

'எர்லி கரியர்' என்பதை 'இளம் ஆய்வாளர்' எனப் பெயர்ப்பது பெருவழக்கு. மூலச்சொல் சுட்டுவது அகவையை அன்று. முனைவர் பட்டத்திற்குப்பின் கழிந்த ஆண்டுகளையே பெரும்பாலும் சுட்டும். மகப்பேறு முதலிய காரணங்களால் நேர்ந்த இடைவெளியைக் கணக்கிலிருந்து நீக்கும் விதிகளும் உண்டு. குடும்பப் பொறுப்புகளால் நாற்பத்தைந்து அகவையில் முனைவர் பட்டம் பெற்ற பெண்ணொருவர், 'இளம்' என்னும் அடைமொழியைக் கண்டு விலகிவிடக்கூடும். 'தொடக்கநிலை ஆய்வாளர்' என்பதே இங்குப் பொருந்தும்.

'மாடர்ன்' என்பதைத் 'தற்கால' எனப் பெயர்ப்பதிலும் இத்தகைய இழப்பு நேரும். பதினெட்டாம் நூற்றாண்டு அட்லாண்டிக் அடிமை வணிகத்தை ஆராய்பவர், தம் பொருள் அதில் அடங்காது என்றே கருதுவார். 'நவீன' என்னும் சொல் நெடிய காலப்பரப்பை ஏற்கும்.

5. முடிவுரை

உறுப்புரிமையோ பதவியோ உள்ளவிடத்து 'ஆய்வுத்தகைமை' எனவும், திட்டச் செலவுக்குரிய பணத்தை 'ஆய்வு நல்கை' எனவும், மாணவர்க்குரியதை 'உதவித்தொகை' எனவும் வரையறுத்துக்கொள்ளலாம். அதனுடன் 'முனைவர் பட்டத்திற்கு முந்தைய', 'பிந்தைய' என்னும் அடையைச் சேர்த்தல் இன்றியமையாதது. கலைச்சொல் சுருங்கியிருத்தல் சிறப்பேயாயினும், அறிவிக்கையில் தெளிவே முதன்மையானது. யாருக்கு உரியது என்பதைப் படிப்பவர் ஐயமின்றி அறியச் செய்வதே அத்தகைய மொழிபெயர்ப்பின் முதற்கடன்.