வண்டி இயந்திரமா, கை இயந்திரமா? ஆஸ்துமா உள்ள வீட்டில் கம்பளம் கழுவும் முன்

ஆண்டுதோறும் கோடை தொடங்கும்போது எங்கள் நுரையீரல் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழும். அமெரிக்காவில் வாழும் மகனையோ மகளையோ பார்த்து ஐந்தாறு மாதம் தங்கி வரப் புறப்படும் பெற்றோர், ஆஸ்துமா மருந்துகளை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வருவார்கள். கைபேசியில் பிள்ளையும் இணைந்திருப்பார். "அம்மா வருவதற்குள் வீட்டுக் கார்ப்பெட்டைக் கழுவிவிடலாம் என்றிருக்கிறோம், டாக்டர். வேனில் இயந்திரம் பொருத்தி வருபவர்களைக் கூப்பிடுவதா? கையில் இயந்திரம் கொண்டு வருபவர்களே போதுமா?" என்று கேட்பார். மருத்துவரிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று சிலர் தயங்குவதும் உண்டு. தயங்க வேண்டியதில்லை. அக்கம்பளத்தின்மேல் படியும் பொருள்களை இரவும் பகலும் மூச்சில் இழுக்கப்போகிறவர் எங்கள் நோயாளி.

முதலில் அவ்வீடுகளின் தரையைப் பற்றிச் சில சொற்கள். நம் வீட்டுப் பாயையும் ஜமக்காளத்தையும் உதறலாம், துவைக்கலாம், மொட்டை மாடியில் வெயிலில் போடலாம். அமெரிக்க வீடுகள் பலவற்றின் படுக்கையறையில் சுவருக்குச் சுவர் கம்பளம் பதித்திருப்பார்கள். அதன் அடியில் பஞ்சுபோன்ற மெத்தை அடுக்கு ஒன்று இருக்கும். அதை எடுத்து உதற வழியில்லை. கிடக்கும் இடத்திலேயே வெந்நீரைப் பீய்ச்சி, அழுக்கோடு அந்நீரை உடனே உறிஞ்சி எடுப்பதுதான் அங்குள்ள பொதுவான முறை. இதை அங்கே பேச்சுவழக்கில் 'ஸ்டீம் கிளீனிங்' என்கிறார்கள். பெயர்தான் அப்படி, அதில் நீராவி இல்லை, வெந்நீரே உண்டு.

கம்பளத்தில் எங்களுக்கு அக்கறையுள்ள உயிர், தூசிப்பூச்சி. ஒரு மில்லிமீட்டரில் நான்கில் ஒரு பங்கு அளவே உள்ளதால் கண்ணுக்குப் புலப்படாது. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று வாழும். கடிக்காது, இரத்தம் குடிக்காது. அதன் எச்சத்திலும் உடற்பொடியிலும் உள்ள புரதங்களே ஒவ்வாமை உடையவர்களுக்குத் தும்மலையும் இளைப்பையும் உண்டாக்குகின்றன. வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இப்பூச்சியே மூலம் என்பதை 1960களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். தூசிப்பூச்சி நீர் குடிப்பதில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உடலால் ஈர்த்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நெடுநாள் நின்றால் வற்றி மடியும். ஈரம் கிடைத்தால் பெருகும். கம்பளம் கழுவுவது பற்றி நாங்கள் சொல்லும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு செய்தியே அடிப்படை. கழுவும்போது நீரை ஊற்றுகிறோம். அந்நீரில் எவ்வளவு திரும்ப வெளியே வருகிறது, எஞ்சியது எத்தனை மணி நேரத்தில் காய்கிறது என்பவையே நோயாளிக்கு முக்கியம்.

இனி இரண்டு இயந்திரங்கள். வண்டி இயந்திரம் வேனின் உள்ளே பொருத்தப்பட்டிருக்கும். தனி என்ஜினோ, வேனின் என்ஜினோ அதை இயக்கும். அவ்வெப்பத்தைக்கொண்டே நீரும் சூடாகும். கழிவுநீர் வேனில் உள்ள தொட்டிக்குப் போகும். வேன் தெருவிலேயே நிற்கும். நீண்ட குழாய்கள் மட்டும் வாசல் வழியாக வீட்டுக்குள் வரும். கை இயந்திரமோ பெரிய பயணப்பெட்டி அளவில் சக்கரங்களோடு அறைக்குள்ளேயே வந்துவிடும். வீட்டு மின்சாரத்தில் ஓடும்.

ஆற்றலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு கணக்கில் விளங்கும். அமெரிக்க வீட்டின் சாதாரண மின் இணைப்பு 120 வோல்ட், 15 ஆம்பியர். பெருக்கினால் 1,800 வாட். அதற்குமேல் இழுத்தால் மின் இணைப்பு தானாக அறுந்துவிடும். நீரைச் சூடாக்கவும், பீய்ச்சவும், உறிஞ்சவும் இதற்குள்ளேயே பங்கிட வேண்டும். ஆகவேதான் பெரிய கை இயந்திரங்களுக்கு இரண்டு மின்கம்பிகள் இருக்கும். அவற்றை வெவ்வேறு மின்சுற்றுகளில் செருக வேண்டும். 25 குதிரைத்திறன் கொண்ட வண்டி என்ஜினோ ஏறத்தாழ 18,600 வாட் தரும். பத்து மடங்கு. வெந்நீரும் உறிஞ்சுதலும் வண்டியில் மிகுதி என்று விளம்பரங்கள் சொல்வது பொய்யன்று.

ஆயினும் அவ்வாற்றல் முழுவதும் படுக்கையறை வரை வந்து சேர்வதில்லை. குழாய் நீள நீள உறிஞ்சும் வேகம் குறையும், நீரும் ஆறும். குழாய் வழியே காற்று செல்லும்போது உண்டாகும் தடையைப் பற்றி எங்கள் துறையினருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாள்முழுதும் மூச்சுக்குழாய்களில் அதைத்தானே அளக்கிறோம். தரைத்தளத்தில் தனி வீடு, வாசலருகே வேன் நிற்க இடம் என்றால் வண்டி இயந்திரத்தைத் தயங்காமல் அழைக்கலாம். நான்காவது மாடிக் குடியிருப்பு, வேன் நிற்பது அடுத்த கட்டடத்தின் பின்புறம் என்றால், ஐந்தடித் தொலைவில் நின்று உறிஞ்சும் நல்ல கை இயந்திரமே மேல். பல மாடிக் கட்டடங்களில் வேறு வழியும் இராது.

எது வந்தாலும் இயக்குபவரின் கைப்பழக்கம் பெரிது. ஒருமுறை நீரைப் பீய்ச்சி இழுத்தபின், நீர் விடாமல் வெறும் உறிஞ்சுதலாக இரண்டு மூன்று முறை மெதுவாக இழுப்பவர் நல்ல வேலைக்காரர். அவசரக்காரரின் கையில் வண்டி இயந்திரமும் அடி மெத்தை வரை நனைத்துவிடும். நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: "எத்தனை குதிரைத்திறன் என்று கேட்காதீர்கள். எத்தனை மணிக்குள் காயும், காய்வதற்கு மின்விசிறிகள் கொண்டு வருவீர்களா என்று கேளுங்கள்." காலையில் கழுவியது அன்றிரவுக்குள் காய வேண்டும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரை. மறுநாளும் காலில் ஈரம் தட்டினால், கழுவாமலே இருந்திருக்கலாம். பல்பொருள் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும் சிறு இயந்திரங்களைப் பற்றி எங்களுக்கு நல்ல எண்ணம் இல்லை. உறிஞ்சும் வலு குறைவு. ஆர்வத்தில் நாமே நீரையும் சோப்பையும் கூட்டி ஊற்றிவிடுகிறோம்.

ஊரையும் பார்க்க வேண்டும். கொலராடோவின் டென்வர் உயரமான, வறண்ட நகரம்; அங்கே கம்பளம் விரைவில் காயும், தூசிப்பூச்சியும் அரிது. டெக்சாஸின் ஹூஸ்டனில் ஆடி மாதத்துப் புழுக்கம் நம் சென்னையை நினைவூட்டும். அங்கே சன்னலைத் திறந்தால் ஈரமே உள்ளே வரும். ஏசியை ஓடவிட்டு, மின்விசிறியும் போட்டு உலர்த்த வேண்டும்.

வெந்நீர் பூச்சியைக் கொல்லுமே என்று கேட்பவர்கள் உண்டு. படுக்கை விரிப்பை 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால் தூசிப்பூச்சி சாகும் என்பது உண்மை. அங்கே துணி அவ்வெப்பத்தில் ஊறிக் கிடக்கிறது. கம்பளத்திலோ நீர் பட்ட சில நொடிகளிலேயே உறிஞ்சப்படுகிறது. வேனில் கொதிநிலைக்கு அருகில் இருந்த நீர்கூட இழைகளின் அடியில் உள்ள பூச்சிக்குச் சுடுவதற்குள் ஆறிவிடும். இழையைப் பற்றிக்கொண்டிருக்கும் உயிருள்ள பூச்சியைப் பெயர்த்து எடுப்பதும் எளிதன்று. கழுவுவதால் நீங்குவது பெரும்பாலும் அழுக்கும், நீரில் கரையும் ஒவ்வாமைப் புரதங்களில் ஒரு பகுதியும்தான். ஆஸ்துமா நோயாளிக்காகச் செய்யும் இவ்வகைத் தூசிப்பூச்சி ஒழிப்பு முயற்சிகளை எல்லாம் ஒன்றுசேர்த்து 2008இல் காக்ரேன் மதிப்பாய்வு ஆராய்ந்தது. நோயின் கடுமை அவற்றால் குறைந்ததாகக் காண முடியவில்லை. இது எங்களுக்கும் உவப்பான முடிவன்று. ஆனால் நோயாளிகளிடம் மறைக்கக் கூடாத முடிவு.

மறைத்தால் என்ன நேரும் என்பதை எங்கள் நோயாளி ஒருவரிடம் கண்டோம். அறுபது வயதைக் கடந்தவர். அவர் வருகைக்கு முந்தைய நாள் மகள் வீட்டில் கம்பளத்தைக் கழுவி வைத்திருந்தார்கள். குளிர்காலம், சன்னல்கள் மூடியிருந்தன, இரவில் அறையில் சோப்பு மணம் மிகுந்திருந்தது. இருமல் வந்தது. அதைவிடப் பெரிய தீங்கு இன்னொன்று. "வீடே இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, இனி இது எதற்கு?" என்று அன்றாடம் இழுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரை அவரே நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரம் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தது. நல்வாய்ப்பாக நலமடைந்து திரும்பினார். கம்பளம் கழுவிய மகள் நெடுநாள் தம்மையே நொந்துகொண்டிருந்தார். அவரைத் தேற்றுவதற்கு எங்களுக்குத் தனியாக ஒரு நாள் தேவைப்பட்டது.

சோப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அளவுக்கு மிஞ்சிய கம்பளச் சோப்பு உறிஞ்சப்படாமல் தங்கினால், காய்ந்தபின் நுண்பொடியாகிக் காற்றில் எழும், மூச்சுக்குழாயை உறுத்தும். மணமூட்டிய சோப்பு வேண்டாம் என்றும், இறுதியில் வெறும் நீரால் ஒருமுறை அலசித் தரவேண்டும் என்றும் கேட்டு வாங்குங்கள். பேரக்குழந்தைகள் உள்ள வீட்டில் சிலர் கவாசாகி நோயைப் பற்றிப் படித்துவிட்டுப் பதறுவதுண்டு. 1982இல் டென்வரில் அந்நோய் கண்ட குழந்தைகளின் வீடுகளில் கம்பளச் சோப்பு பயன்பட்டிருந்ததாக ஓர் ஆய்வு வந்தது. பின்வந்த ஆய்வுகள் அத்தொடர்பை ஒருமனதாக உறுதிசெய்யவில்லை. பதற வேண்டாம். கம்பளம் முழுதும் காயும்வரை குழந்தைகளை அங்கே தவழவிடாமல் இருந்தால் போதும்.

வண்டி இயந்திரத்துக்கே உரிய ஓர் இடர் உண்டு. இதை எங்கள் பிரிவிலிருந்து அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வேலை முடியும்வரை என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். குழாய் நுழைவதற்காக வாசற்கதவும் திறந்தே இருக்கும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மின்னாக்கிகளை வாசலிலிருந்தும் சன்னலிலிருந்தும் குறைந்தது 20 அடி தள்ளி வைக்குமாறு அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது. ஓடும் வேனுக்கும் அதே இடைவெளி பொருந்தும். வீட்டோடு ஒட்டிய கார் நிறுத்துமிடத்துக்குள் வேனை விட்டு இயக்க ஒருபோதும் இடம்கொடுக்காதீர்கள். மழையோ பனியோ பெய்தாலும் விதி இதுவே. வேலை நடக்கும்போது வீட்டில் இருப்பவர்களுக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம் கண்டால் எல்லாரும் உடனே வெளியேறி அவசர உதவியை அழைக்க வேண்டும்.

நம் ஊரில் இத்தேர்வுக்கே பெரும்பாலும் இடமில்லை. சோபாவையும் மெத்தையையும் கழுவ வருபவர்கள் கை இயந்திரத்தோடுதான் வருகிறார்கள். வடகிழக்குப் பருவமழை நாள்களில் அவர்களை அழைக்காதீர்கள். பஞ்சு மெத்தை உள்ளூர நனைந்தால் வாரக்கணக்கில் காயாது. பங்குனி, சித்திரை வெயில் அதற்கென்றே இருக்கிறது.

பிள்ளைகள் எங்களிடம் நாள் கேட்டால், பெற்றோர் வந்திறங்குவதற்கு ஒரு வாரம் முன்பாகக் கழுவி முடிக்கச் சொல்கிறோம். அதற்குள் ஈரமும் மணமும் போய்விடும். பெற்றோர் படுக்கும் அறை மரத்தரை அல்லது ஓட்டுத்தரையாக இருந்தால் இன்னும் நல்லது. வேறு அறையில் கம்பளமில்லை என்றால் அவ்வறையையே அவர்களுக்குக் கொடுங்கள், கழுவும் செலவும் மிஞ்சும். தலையணைக்கும் மெத்தைக்கும் தூசி புகாத உறை போடலாம். கழுவும்போதும் காயும்போதும் நோயாளி வீட்டில் இருக்கக் கூடாது. பக்கத்து உறவினர் வீட்டுக்கோ நூலகத்துக்கோ அனுப்பிவிடுங்கள்.

புறப்படும் பெற்றோர், தங்கும் காலம் முழுவதற்கும் வேண்டிய தடுப்பு இன்ஹேலரையும் உடனடி நிவாரண இன்ஹேலரையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விமானச் சரக்கில் போடாதீர்கள். மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் வேதிப்பெயரோடு இருக்கட்டும். எங்கள் மருந்தகத்தில் கேட்டால் தனித்தாளில் எழுதித் தருவார்கள். நாம் சல்பூட்டமால் என்று சொல்லும் மருந்தை அமெரிக்க மருந்துக் கடையில் அல்புட்டெரால் என்று கேட்க வேண்டும்.