நாளைக்கு வரவேண்டாம் என்றால்

வயலை விட்டு வந்து அரிசி ஆலையிலோ கடையிலோ சம்பளத்துக்கு நிற்பவரிடம் முதலாளி ஒருநாள், "நாளைக்கு வரவேண்டாம்" என்கிறார். களவு, கைகலப்பு, சொல்லாமல் பல நாள் வராமை நிரூபிக்கப்பட்டால் விலக்குவது நியாயம். சங்கத்தில் சேர்ந்ததற்கோ, கர்ப்பமானதற்கோ, சம்பளப் பாக்கி கேட்டதற்கோ விலக்குவது அநியாயம்.

"வேலை குறைந்துவிட்டது" என்ற சொல் மட்டும் எப்போதும் போதாது. 15 பேருக்குக் குறையாத தனியார் தொழிலிடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாளுக்குக் குறையாமல் வேலை செய்தவரை அப்படி நிறுத்த, 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும்.

சிறு கடையில் நின்றவரும் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஆனால் ஆறு மாதத்துக்குள். நியமனக் கடிதம் நம்மில் பலரிடம் இராது. ஆகவே வேலைசெய்த நாட்களையும் வாங்கிய சம்பளத்தையும் கொப்பியில் எழுதி வையுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள். பிறகு அது நீங்களாகவே விலகிய கடிதமாகிவிடும்.