ஆளில்லா ரோட்டில்தான் பயம்

யூரோ டனல் ரயிலால் கலேயில் இறங்கியதும் "வலது, வலது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே காரை எடுத்தேன். லண்டனில் இருபது வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். ஆனால் பேர்ணில் நடந்த மச்சானின் மகளுடைய கலியாணத்துக்குத்தான் முதல்முறையாகக் கடல் தாண்டி ஓட்டினேன்.

பயந்த அளவுக்கு மோட்டர்வே கஷ்டமாக இருக்கவில்லை. எல்லாரும் ஒரு பக்கம் போனால் நாமும் அதோடு போய்விடுவோம். பிரான்ஸில் 130, மழை பெய்தால் 110, சுவிஸில் 120. சுவிஸ் மோட்டர்வேக்கு 40 பிராங்கில் விக்னெற் எடுக்கவேண்டும். ஒருநாள் ஓடினாலும் வருஷக் காசுதான். எடுக்காமல் பிடிபட்டால் 200 பிராங்க் தண்டம்.

எங்கள் காருக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். அங்கே சின்ன ரோட்டுகளில் லொறியை முந்துவதென்றால் எதிரே வருவது எனக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவருக்குத்தான் தெரியும். அந்த இருக்கையில் என் பதினாறு வயது மகள். "பொறுங்கோ அப்பா... இப்ப போங்கோ." பிரான்ஸ் மோட்டர்வேயில் டிக்கெட் எடுத்ததும் காசு கட்டினதும் அவள்தான்.

மோட்டர்வேயில் பெற்றோல் விலை கூட என்று, விடிய ஆறு மணிக்கு ஒரு பிரெஞ்சுக் கிராமத்துக்குள் இறங்கினோம். அடித்துவிட்டு வெளியே வந்தால் ரோட்டில் ஈ காக்கை இல்லை. பழகின கை தன்பாட்டில் இடப்பக்கம் போய்விட்டது. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அதுதான் பயங்கரம். "அப்பா, றோங் சைட்!" என்று மகள் கத்தினாள். வெட்டி எடுத்த கையோடு வளைவால் ஒரு லொறி வந்து எங்களைக் கடந்து போனது. பின்னால் இருந்த மனிசி கனநேரம் வாய் திறக்கவில்லை.

அடுத்த தரிப்பில் மகள் ஒரு மஞ்சள் துண்டில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டினாள்: "வளது". நான் திருத்தவில்லை.

கலியாணம் முடிந்து துன் ஏரிக்கு மேலே மலைக்குப் போனோம். நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு கண்டால் அந்தப் பாதையில் போஸ்ட் பஸ்ஸுக்குத்தான் முதலிடம். இறங்கி வரும்போது வளைவுக்கு அப்பால் அதன் மூன்று சுர ஹோர்ன் கேட்டது. விலக இடமில்லை. மலையில் இறங்குகிறவர்தான் பொதுவாகப் பின்னுக்கு எடுக்கவேண்டும். மகள் இறங்கிக் கை காட்ட, வேர்க்க வேர்க்க எடுத்தேன். பஸ்காரர் கையுயர்த்தி நன்றி சொன்னார்.

திரும்பி போக்ஸ்ரனில் இறங்கியதும் அந்தத் துண்டை முதல்வேலையாகக் கழற்றினேன். இங்கே அது இருந்தால் ஆபத்து. இப்போது பேர்ஸுக்குள் இருக்கிறது.