உங்களுக்குத் தெரியுமா? மூன்றாம் வகுப்பில் சூரியக் குடும்பம்!

பென்னு! இது ஒரு சிறுகோளின் பெயர். வைத்தது நாசா விஞ்ஞானி என்றா நினைத்தீர்கள்? இல்லை! அமெரிக்காவின் வட கரோலினாவில் மூன்றாம் வகுப்பு படித்த 9 வயதுப் பையன்! ஒரு போட்டிக்கு எழுதிப் போட்டான், 2013-ல் ஜெயித்துவிட்டான். அதே பென்னுவிலிருந்து அள்ளிய மண் 2023 செப்டம்பர் 24-ல் பூமிக்கு வந்து சேர்ந்தது. எடை? வெறும் 121.6 கிராம்!

நிலவைச் சுற்றிவர நாசா 2011-ல் இரட்டை விண்கலங்களை அனுப்பியது. பெயர் வைக்கிற வேலை பள்ளிக்கூடங்களுக்கு! சுமார் 900 வகுப்பறைகள் போட்டியில் குதித்தன. ஜெயித்தது மொன்டானா மாநிலத்தின் நான்காம் வகுப்பு ஒன்று. பரிசு பணமா, கோப்பையா? இரண்டும் இல்லை. நிலவில் எந்த இடத்தை முதலில் படம் எடுக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளே முடிவு செய்யலாம்! இப்படி ஒரு பரிசை வேறு யார் கொடுப்பார்கள்?

செவ்வாயில் ஓடிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி வண்டிகளுக்குப் பெயர் சொன்னவள் 9 வயதுச் சிறுமி. ஆப்பர்ச்சூனிட்டி 90 நாள் ஓடினால் போதும் என்றுதான் அனுப்பினார்கள். அது ஓடியது 14 வருடத்துக்கும் மேல்! தூரம் 45 கிலோமீட்டர்!

கியூரியாசிட்டிக்குப் பெயர் கொடுத்தவர் கிளாரா மா. அப்போது வயது 12. வண்டி கிளம்புவதற்கு முன் அவரைக் கூப்பிட்டு அதன் மேலேயே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அந்தக் கையெழுத்து இப்போது செவ்வாய் கிரகத்தில்!

இவர்கள் எல்லோருக்கும் அக்கா ஒருத்தி உண்டு. 1930 மார்ச் 14. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு. காலைச் சாப்பாட்டு நேரம். தாத்தா பேப்பர் படிக்கிறார். புதுக் கிரகம் கண்டுபிடித்திருக்கிறார்களாம், பெயர்தான் இன்னும் வைக்கவில்லையாம். சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுப் பேத்தி வெனீஷியா பர்னி பட்டென்று சொன்னாள்: புளூட்டோ!

தாத்தா சும்மா இருக்கவில்லை. தெரிந்த வானியல் பேராசிரியரிடம் சொன்னார். பேராசிரியர் அரிசோனாவுக்குத் தந்தி அடித்தார். லோவல் வானாய்வகத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. பேத்தி ஜெயித்தாள்! தாத்தா கொடுத்த பரிசு 5 பவுண்டு!

வால்ட் டிஸ்னியின் புளூட்டோ நாய்? அதற்கு அந்தப் பெயர் வந்தது 1931-ல். முதலில் கிரகம், அப்புறம்தான் நாய்!

பெயர் வைப்பது இந்தக் குடும்பத்துக்குக் கைவந்த கலை! செவ்வாயின் இரண்டு நிலவுகளுக்கு ஃபோபோஸ், டீமோஸ் என்று பெயர் சொன்னவர் வேறு யாருமில்லை, அதே தாத்தாவின் அண்ணன் ஹென்றி மேடன்! அவருக்கு உத்தியோகம்? பள்ளிக்கூட அறிவியல் வாத்தியார்! வெனீஷியாவும் வளர்ந்து டீச்சர்தான் ஆனார்!

2006 ஜனவரி 19-ல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவுக்குக் கிளம்பியது. கிளம்பும்போது புளூட்டோ கிரகம். ஆகஸ்ட் 24-ல் பதவி பறிபோய்க் குறுங்கோள்! விண்கலமோ பாதி வழிகூடத் தாண்டவில்லை. அதில் மாணவர்களே செய்த தூசி எண்ணும் கருவி ஒன்று இருக்கிறது. அதற்கு என்ன பெயர் தெரியுமா? வெனீஷியா!

புளூட்டோவைக் கிரக வரிசையிலிருந்து எடுத்தது முதலில் விஞ்ஞானிகள் சங்கம் இல்லை, நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்று! 2000-லேயே எடுத்துவிட்டார்கள். அங்கே கோளரங்க இயக்குநர் நீல் டிகிராஸ் டைசன். அவருக்கு வந்து குவிந்த கோபக் கடிதங்களை எழுதியது யார்? ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள்!

புளூட்டோவைக் கண்டுபிடித்ததிலிருந்து அது சூரியனை எத்தனை முறை சுற்றியிருக்கிறது? ஒரு முறைகூட இல்லை! ஒரு சுற்றுக்கு 248 வருடம். முதல் சுற்று முடிவது 2178-ல்!

கிரகம் எட்டா, ஒன்பதா என்று இன்னும் சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1840-ல் ஐரோப்பாவில் பள்ளிக்கூடம் போயிருந்தால் 11 கிரகங்களை மனப்பாடம் செய்திருப்பீர்கள்! சீரிஸ், பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா எல்லாம் அப்போது கிரகங்கள். நெப்டியூன் மட்டும் கிடையாது. அது அகப்பட்டதே 1846-ல்தான்!

சனிக்கு எத்தனை நிலவு? நீங்கள் படித்த எண்ணை மறந்துவிடுங்கள். 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 புது நிலவுகள்! அப்போது மொத்தம் 274! பாவம், பாடப் புத்தகம் அச்சடிக்கிறவர்கள்!

“பூமி உருண்டை” என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். மனசுக்குள் என்ன படம் ஓடுகிறது? 1992-ல் வோஸ்னியாடூ, ப்ரூவர் என்ற இரண்டு ஆய்வாளர்களின் கட்டுரை வந்தது. அமெரிக்காவில் 1, 3, 5-ம் வகுப்புப் பிள்ளைகள் 60 பேரை உட்காரவைத்து அவர்கள் தோண்டித் துருவிக் கேட்டிருந்தார்கள். நேராக நடந்துகொண்டே போனால் எங்கே போய்ச் சேருவாய்? விளிம்பு வருமா? விழுந்துவிடுவாயா? பதில்கள் இருக்கின்றனவே, அடேயப்பா!

பந்துதான், ஆனால் உள்ளே காலி, நாம் எல்லோரும் உள்ளே தட்டையான தரையில் இருக்கிறோம் என்ற ரகம் 12 பேர்! பூமி இரண்டு, நாம் நிற்பது ஒன்று, வானத்தில் இருப்பது இன்னொன்று என்ற ரகம் 8 பேர்! சரியான உருண்டையைப் பிடித்தவர்கள் 60-க்கு 23 பேர்தான்! எனக்கு அந்த இரண்டு பூமிக்காரர்களைத்தான் பிடித்திருக்கிறது. டீச்சர் சொன்னதும் பொய்யில்லை, கண்ணால் பார்த்ததும் பொய்யில்லை. என்ன சாமர்த்தியம்!

பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்! ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு நாள். அங்கியும் தொப்பியுமாக நின்றவர்களிடம் கேமராவை நீட்டினார்கள். கோடை ஏன் வருகிறது? நிலவு ஏன் தேய்கிறது? பட்டதாரி, பழைய மாணவர், பேராசிரியர் என்று 23 பேர். தடுமாறியவர்கள் 21 பேர்! 1987-ல் அது படமாகவே வந்துவிட்டது!

பலர் சொன்ன பதில்: பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போனால் கோடை. அப்படியா? பூமி சூரியனுக்கு மிக அருகில் போவது எப்போது தெரியுமா? ஜனவரி முதல் வாரம்! நாம் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் மார்கழியில்! ஜூலையைவிட அப்போது சூரியன் சுமார் 50 லட்சம் கிலோமீட்டர் கிட்டே! எல்லாம் பூமியின் 23.5 டிகிரி சாய்வு செய்கிற வேலை!

சூரியனுக்கு என்ன கலர்? இங்கே பிள்ளைகள் மஞ்சள் கிரையானை எடுப்பார்கள். ஜப்பானில் சிவப்பை எடுப்பார்கள். இரண்டும் தப்பு. விண்வெளியிலிருந்து பார்த்தால் பளீர் வெள்ளை!

பூமிக்குப் பக்கத்து வீட்டுக் கிரகம் வெள்ளி. ஆனால் வருடம் முழுக்கக் கணக்குப் போட்டால் சராசரியாக நமக்கு அருகில் இருப்பது புதன்! நமக்கு மட்டுமா? நெப்டியூனுக்கும் புதன்தான்!

வெள்ளியில் சூரியன் மேற்கே உதிக்கும். ஒரு வருடம் 225 நாள். தன்னைத் தானே ஒரு முறை சுற்ற 243 நாள்!

யுரேனஸில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தால்? துருவத்தில் 42 வருடம் பகல், 42 வருடம் இரவு! எத்தனை மணிக்கு மணி அடிப்பார்கள்?

பாடப் புத்தகத்துப் படத்தில் கிரகங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். பூமியை 1 சென்டிமீட்டர் வரைந்துவிட்டு அதே அளவில் நெப்டியூன் வரை போக வேண்டும் என்றால் பக்கத்தின் அகலம் எவ்வளவு வேண்டும்? மூன்றரை கிலோமீட்டர்!

கை ஓட்டவெல் என்பவர் 1989-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒரு பந்து, கொஞ்சம் மிளகு, இரண்டு குண்டூசி என்று சின்னச் சின்னப் பொருள்கள் போதும். 8 அங்குலப் பந்து சூரியன். மிளகு பூமி. குண்டூசித் தலை புதனும் செவ்வாயும். வியாழனுக்குப் பெரிய கோலிக்குண்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பந்திலிருந்து நடக்க வேண்டியதுதான். எட்டு ஒவ்வொன்றும் ஒரு கஜம்!

10 எட்டில் புதன். 19-ல் வெள்ளி. 26-ல் நம் மிளகு. 40-ல் செவ்வாய். இதுவரை எல்லோரும் உற்சாகமாக எண்ணுவார்கள். அடுத்தது வியாழன்தானே என்று நடந்தால் 135 எட்டு! நம் பள்ளிகள் பலவற்றில் அதற்குள் காம்பவுண்டு சுவர் வந்துவிடும். சனி 247. யுரேனஸ் 496. நெப்டியூன் 777. புளூட்டோவைச் சேர்த்துக்கொள்கிற கட்சி என்றால் 1,019!

ஓர் எட்டு என்பது 36 லட்சம் மைல். அதைக் கடக்க ஒளிக்கே 19 விநாடி ஆகும். நொடிக்கு ஓர் எட்டு நடக்கும் உங்கள் வீட்டு வாண்டு ஒளியைவிட 19 மடங்கு வேகம்!

இதே அளவில் நிலவு எங்கே? மிளகிலிருந்து 6 சென்டிமீட்டரில். மனிதன் விண்வெளியில் போய் வந்த தூரம் மொத்தமே அவ்வளவுதான்! அடுத்த நட்சத்திரம்? பந்தைச் சென்னையில் வைத்தால், அது டோக்கியோவில்!

நிலவு 6 சென்டிமீட்டரில்தான் என்று லேசாக எண்ணிவிடாதீர்கள். நிலவு சற்றுத் தள்ளிப்போகும் நாளில், நமக்கும் அதற்கும் நடுவே மற்ற ஏழு கிரகங்களையும் வரிசையாக அடுக்கிவிடலாம். அப்போதும் இடம் மிச்சம்!

ஸ்வீடன்காரர்கள் ஒரு நாட்டையே சூரியக் குடும்ப மாதிரி ஆக்கிவிட்டார்கள். ஸ்டாக்ஹோமின் உருண்டை விளையாட்டரங்கம்தான் சூரியன். பூமி 65 சென்டிமீட்டர், ஏழரை கிலோமீட்டர் தள்ளி அருங்காட்சியகத்தில். வியாழன் விமான நிலையத்துப் பக்கம். புளூட்டோவைப் பார்க்க 300 கிலோமீட்டர் போக வேண்டும்!

ஐசே ஐசிங்கா. நெதர்லாந்தின் ஃபிரானெகர் ஊரில் கம்பளி சிக்கெடுக்கும் தொழிலாளி. 1774-ல் கிரகங்கள் சேர்ந்து நின்றதும் உலகம் அழியப்போகிறது என்று ஊரே நடுங்கியது. இவர் பேசாமல் தன் வீட்டுக் கூடத்தின் கூரையிலேயே ஓடும் சூரியக் குடும்பத்தைக் கட்ட ஆரம்பித்தார். மரச் சக்கரங்கள், ஊசல் கடிகாரம். ஏழு வருட வேலை! 10 லட்சம் கிலோமீட்டருக்கு 1 மில்லிமீட்டர். கூரையில் சனி ஒரு சுற்று வர நிஜச் சனிக்கு ஆகும் அதே 29 வருடம்! 1781-ல் கட்டி முடித்தார். அதே 1781-ல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்தார். கூடத்தில் இடமில்லை! 2023-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது!

நம் பக்கம் மட்டும் குறைச்சலா? வளையம் என்றால் பிள்ளைகளுக்குச் சனிதான் தெரியும். யுரேனஸுக்கும் உண்டு. 1977 மார்ச் 10 இரவு அந்த வளையம் சிக்கியபோது, ஜவ்வாது மலை காவலூர்த் தொலைநோக்கியிலும் அது பதிவானது! நம்மவர்கள் முதலில் அதைப் புது நிலவு என்றே எண்ணினார்கள்!

நிலவு மண் வேண்டுமா? நாமக்கல்லுக்குப் போங்கள்! சித்தம்பூண்டிப் பாறை நிலவுப் பாறையின் ஜாதி. அதைப் பொடித்துத்தான் சந்திரயான்-2-க்கு இஸ்ரோ சோதனைத் தரை போட்டது!

சந்திரயான்-3-ன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் படித்தது எங்கே? விழுப்புரம் ரயில்வே பள்ளியில்!

வருடத்தில் இரண்டு நாள் உங்கள் நிழல் காணாமல் போகும்! சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி இன்னொரு முறை. ஏப்ரலில் என்றால் பகல் 12 மணி 7 நிமிடம் வாக்கில் மொட்டை மாடியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். பக்கவாட்டில் துளி நிழல் விழாது! கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11-லேயே பார்த்துவிடலாம். டெல்லிப் பிள்ளைகளுக்கு? ஆயுசுக்கும் கிடையாது!

பார்பரா மோர்கன், அமெரிக்காவின் ஐடஹோ மாநில ஆரம்பப் பள்ளி டீச்சர். விண்வெளிக்குப் போகும் ஆசிரியருக்கு மாற்றாளாக 1985-ல் தேர்வானார். பறந்தது 2007-ல்! 22 வருடக் காத்திருப்பு! போன விண்கலத்தில் கூடவே ஒரு கோடி விதைகள். என்ன விதை? நம் சப்ஜா இனம்! பள்ளிப் பிள்ளைகள் முளைக்கவைத்துப் பார்ப்பதற்காக!

கடைசியாக, காலண்டரில் குறித்துக்கொள்ள ஒரு தேதி. அபோஃபிஸ் என்ற சிறுகோள் பூமியை உரசினாற்போல் கடக்கப்போகிறது. மோதாது, பயம் வேண்டாம்! நம் டிவி சேனல்களைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. இது வரும் உயரம் சுமார் 32,000! மிக அருகில் வரும் நேரம் நம் கடிகாரப்படி 2029 ஏப்ரல் 14, விடியற்காலை மூன்றேகால். தமிழ்ப் புத்தாண்டு! சனிக்கிழமை வேறு, பள்ளிக்கூடம் லீவு!