ரிச்சர்ட் எப்படி டிக் ஆனான்?

மார்கரெட்டை ‘பெக்’ என்றும் ரிச்சர்டை ‘டிக்’ என்றும் ஆங்கிலேயர் கூப்பிடுவதைக் கேட்டால், வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும். அப்படியில்லை. இடைக்கால இங்கிலாந்தில் ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்று சில பெயர்களே ஊரெல்லாம் நிறைந்திருந்தன. ஆளை அடையாளம் காண, பெயரைச் சுருக்கி, முதலெழுத்தை மட்டும் மாற்றினார்கள். கிட்டத்தட்ட நம் எதுகைதான். ரிச்சர்ட் ‘ரிக்’ ஆகி ‘டிக்’ ஆனான். மார்கரெட் ‘மெக்’ ஆகி ‘பெக்’ ஆனாள். ராபர்ட்டுக்கோ ராப், ஹாப், டாப், பாப் என்று ஒரு வரிசையே உண்டு. எட்வர்டின் ‘நெட்’ மட்டும் தனிக்கதை: ‘என் எட்’ என்று செல்லமாகச் சொல்லும் பழைய ‘மைன் எட்’டில், கடைசி ‘ன்’ நழுவிப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. எல்லாம் குழந்தைகளின் மழலைதானே என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் டிக்சன், ஹாப்சன், டாப்சன் என்ற குடும்பப் பெயர்களுக்கு முறையே டிக்கின் மகன், ஹாப்பின் மகன், டாப்பின் மகன் என்றே பொருள். மகன் பெற்ற வயதிலும் அந்த அப்பாக்களை ஊர் அப்படித்தான் அழைத்திருக்கிறது.