படாமல் போகும் குத்துகள்

குத்துச்சண்டைப் படங்களில் எது உண்மைக்கு நெருக்கமானது என்ற விவாதம் எழும்போதெல்லாம், குத்துகளின் வேகத்தையும் வழியும் இரத்தத்தையும் சுற்றியே பேச்சு ஓடுகிறது. விளையாட்டை அறிந்தவர்களோ படாமல் போகும் குத்துகளைத்தான் முதலில் தேடுவார்கள். தேர்ந்த இருவர் மோதும்போது வீசப்படும் குத்துகளில் பல, கையுறையிலோ தோளிலோ முழங்கையிலோ பட்டு வீணாகும், அல்லது எதிராளி தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டதால் காற்றோடு போகும். தூரத்தை அளப்பதற்காக முன்கையை நீட்டி உடனே இழுத்துக்கொள்ளும் ‘ஜாப்’ என்னும் குத்தும், மூச்சு வாங்கும்போது எதிராளியின் கைகளை அணைத்து முடக்கிவிடும் ‘கிளிஞ்ச்’ என்னும் பிடியும் மூன்று நிமிடச் சுற்றில் திரும்பத் திரும்ப வருபவை. பார்ப்பவருக்குச் சலிப்புத் தட்டும் என்று அஞ்சித் திரைப்படம் முதலில் வெட்டி எறிவதும் இவற்றைத்தான்.

உலகெங்கும் பெரிதும் விரும்பப்பட்ட ‘ராக்கி’ (1976) இந்த வெட்டுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1975 மார்ச்சில் முகமது அலியை எதிர்த்து, அதிகம் அறியப்படாத சக் வெப்னர் என்ற வீரர் ஒன்பதாவது சுற்றில் அவரைக் கீழே சாய்த்து, பதினைந்தாவது சுற்று முடியச் சில நொடிகளே இருக்கும்வரை தாக்குப்பிடித்த சண்டையைப் பார்த்த பிறகுதான் சில்வெஸ்டர் ஸ்டாலோன் அந்தக் கதையை எழுதினார். வெப்னர் தம் காலை மிதித்ததால்தான் தடுமாறி விழுந்ததாக அலி சொன்னதுண்டு. எப்படியிருந்தாலும், ஒரு சாமானியன் உலகச் சாம்பியனோடு இறுதிவரை நின்றான் என்ற கதைக்கரு நம்பத்தக்கதே. நம்ப முடியாதது, இருவரும் முகத்தைக் காத்துக்கொள்ளாமல் மாறிமாறி வாங்கிக்கொள்ளும் விதம். இறுதிச் சண்டையில் முகத்தில் இறங்கும் குத்துகளில் கால்பங்கு உண்மையிலேயே பட்டிருந்தால், நடுவரோ மேடையருகில் இருக்கும் மருத்துவரோ சில சுற்றுகளுக்குள் ஆட்டத்தை நிறுத்தியிருப்பார்கள். வீங்கி மூடிய இமையைப் பயிற்சியாளரின் மூலையில் பிளேடால் கீறித் திறப்பதும் திரைக்கே உரிய வீரம்; உண்மையான மூலைகளில் குளிர்ந்த உலோகத் தகட்டை வீக்கத்தின் மேல் அழுத்துவதும், வெட்டுக்காயத்தின் மேல் வாசலின் பூசுவதுமே வழக்கம்.

மார்ட்டின் ஸ்கார்செசியின் ‘ரேஜிங் புல்’ (1980) இதே அளவுகோலில் தோற்றுப்போகும் படம்தான், ஆனால் அந்தத் தோல்வி வேண்டுமென்றே ஏற்றுக்கொண்டது. படத்தின் நாயகனான குத்துச்சண்டை வீரர் ஜேக் லமோட்டாவும் அவருடைய எதிராளி சுகர் ரே ராபின்சனும் ஆறு முறை மோதியதும், அவற்றில் ஒன்றில் மட்டுமே லமோட்டா வென்றதும், 1951 பிப்ரவரி 14 அன்று நடந்த ஆறாவது மோதல் பதின்மூன்றாவது சுற்றில் நிறுத்தப்பட்டதும் வரலாறு. அந்த வரலாற்றைப் படம் பெரும்பாலும் மதிக்கிறது. மேடையை மட்டும் அது மதிப்பதில்லை. லமோட்டாவின் மனநிலைக்கு ஏற்ப மேடை ஒரு சண்டையில் அகன்றும் இன்னொன்றில் சுருங்கியும் காட்டப்படுகிறது. ஆறாவது மோதலில் கூட்டத்தின் இரைச்சல் திடீரென அடங்கி, கயிற்றில் சாய்ந்து நிற்பவனின் கண்ணுக்கு ராபின்சனின் பின்னணி விலகி விலகிப் போகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவர் காண்பது இதுவல்ல. அடிவாங்கிக் களைத்தவனின் கண்ணும் காதும் உணர்வது இதுவாக இருக்கலாம் என்ற வகையில், பல ‘யதார்த்த’ப் படங்களைவிட இது உண்மைக்கு அருகில் நிற்கிறது.

வெளியிலிருந்து காணும் உண்மையை நாடுபவர்களுக்கு, மிக்கி வார்டின் வாழ்க்கையைச் சொல்லும் ‘தி ஃபைட்டர்’ (2010) ஏற்றது. அதன் சண்டைகள் தொலைக்காட்சி ஒளிபரப்பைப் போலவே படமாக்கப்பட்டிருப்பதால், குத்து எது, தடுப்பு எது என்று பார்வையாளரே பிரித்தறிய முடிகிறது. 1997இல் அல்ஃபோன்சோ சான்செஸுடன் நடந்த ஆட்டத்தில் வார்ட் தொடர்ந்து பின்தங்கியே இருந்து, ஏழாவது சுற்றில் இடக்கையை வளைத்து வலப்பக்க விலாவின் கீழே, கல்லீரல் இருக்கும் இடத்தில் ஒரே ஒரு குத்து விடுகிறார். தாடையில் பட்ட குத்து நினைவைப் பறிக்கும். கல்லீரலில் பட்டதோ நினைவைத் தெளிவாக விட்டுவைத்து, ஓரிரு கணம் கழித்து உடலை மட்டும் மடக்கிப் போடும். சான்செஸ் விழுவதும் எழ முடியாமல் போவதும் படத்தில் அப்படியே இருக்கின்றன. பெரும்பாலான இயக்குநர்கள் அந்த இடத்தில் தாடை தெறிக்கும் குத்தொன்றைத்தான் வைத்திருப்பார்கள்.

ஆட்களைப் பற்றிய உண்மை என்று வேறொன்றும் உண்டு. ‘சிண்ட்ரெல்லா மேன்’ (2005), ஜேம்ஸ் பிராடக்கின் வறுமையைக் கண்ணியமாகச் சித்திரித்துவிட்டு, எதிராளி மேக்ஸ் பேயரைக் கொலைவெறியராக்கிவிடுகிறது. 1930இல் தம்முடன் மோதி இறந்த ஃபிராங்கி கேம்பலை நினைத்து மனம் உடைந்தவர் பேயர் என்பதால், இது சண்டைக்காட்சிகளின் மிகையைவிடக் கடுமையான பிழை. மாறாக, இளமையில் தாமே குத்துச்சண்டை ஆடிய ஜான் ஹூஸ்டன் இயக்கிய ‘ஃபேட் சிட்டி’யில் (1972) வில்லன் என்று ஒருவரும் இல்லை. அதில் எதிராளி லூசெரோ பேருந்தில் தனியே வந்து இறங்குகிறான், சிறுநீரில் இரத்தம் போகும் உடலோடு மேடையேறுகிறான். அவனை வீழ்த்திய நாயகனின் கைக்கு, முன்பணமெல்லாம் கழித்து, நூறு டாலர்தான் வருகிறது. குத்துச்சண்டையின் கணக்குவழக்கை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம் அரிது.

பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ (2021), 1970களின் வடசென்னையில் வாத்தியார்களின் கீழ் பரம்பரை பரம்பரையாக வளர்ந்த ஆட்டத்தைக் களமாகக் கொண்டது. அதில் நாயகன் கபிலனுக்கும் எதிராளி டான்சிங் ரோஸுக்கும் நடக்கும் மோதலே நுட்பத்தில் முதலிடம் பெறுவது. கைகளைத் தாழ்த்தித் தோளைக் குலுக்கி ஆடிக்கொண்டே விலகும் அந்தப் பாணி, பிற்காலத்துப் பிரித்தானிய வீரர் நசீம் ஹமீதை நினைவூட்டும். கபிலன் முதலில் காற்றைக் குத்திக் களைப்பதும், பிறகு அந்த ஆட்டத்தின் தாளத்தைக் கவனித்துக் காத்திருப்பதும் தமிழ்த் திரையில் அபூர்வமாகக் கிடைத்த பாடம். பின்பகுதியில், சாராயத்தால் பெருத்துத் தளர்ந்த உடலைக் கபிலன் கடற்கரைப் பயிற்சியில் மீட்டெடுக்கும் வேகமோ ‘ராக்கி’ வகையறாவின் பழைய சலுகை. முதிய லமோட்டாவாக நடிப்பதற்காக நடிகர் டி நீரோ இருபத்தைந்து கிலோவுக்கு மேல் எடை கூட்ட வேண்டியிருந்ததால், ‘ரேஜிங் புல்’ படப்பிடிப்பை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். ஏறுவதற்கே அவ்வளவு காலம் பிடிக்கும் உடல், போட்டிக்குத் தகுதியாக இறங்கி வருவதற்கு அதைவிடக் குறைவான காலம் போதும் என்று எந்த வாத்தியாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்.